உங்கள் தங்கைக்குப் பிடித்துவிட்டது

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, குழாய்க்கடை மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் தங்கையை ஒரு பாட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது.

நலம் விசாரிக்காமல் இப்படி ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கடிதம் வந்தாலும் முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் தேடி எழுந்து போகிறவர் நீங்கள். ஆகவே சரக்கை முன்னால் இறக்கிவிட்டேன். இனி முறைப்படி கேட்கிறேன். நீங்களும் அக்காவும் சுகமா? உங்கள் முழங்கால் மடங்குகிறதா? இங்கே கடை சுகம். வியாபாரம் சுகம். நான் சுகம் என்று எழுதப் பேனா நகரவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் காதுக்கு எட்டும்படி சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் அடுத்த அறையில் இருக்கிற உங்கள் தங்கைக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்டால் அவளுக்குள் இருக்கிறவருக்கும் கேட்குமோ என்று எனக்கு உதறல். தயவுசெய்து இதை மனதுக்குள்ளேயே படியுங்கள்.

கடைக்கு மேலே இருக்கும் அறை உங்களுக்குத் தெரியும். கைகழுவும் தொட்டிகளை வைக்கோல் சுற்றி அடுக்கியிருந்தேனே, அதுதான். புதிய கிடங்கு கிடைத்ததும் அந்த அறை காலியானது. சும்மா கிடக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு உடம்பு அரிக்கும். சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்ற நாளிலிருந்து இருக்கிற வியாதி அது. வாடகைக்கு விடப்படும் என்று எழுதி மாட்டினேன். மறுநாளே தெருமுனைப் பல் டாக்டர் வந்து நின்றார். நல்ல மனிதர், கை சுத்தம், வாங்கிய குழாய்க்கு அன்றே பணம் கொடுத்தவர். நான் ஏமாந்தது அதனால்தான்.

"முதலாளி, மாடி ரூம வாடகைக்கு விடுறீங்களாமே?"

"விடுறதுதான். எதுக்கு, பல்லு பிடுங்கவா?"

"இல்ல, இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். நாங்க கொஞ்சம் பேரு கூடுவோம். கூடி அவரைக் கேப்போம்."

"எவரை?"

"அவரைத்தான்."

"அவரு இங்க வருவாரா?"

"அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு முதலாளி." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போனா என்ன? நாங்க கூப்பிட்டா வந்துருவாரு. ஒரு வாரம்கூட ஏமாத்துனதில்ல."

அப்போதே அவரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன சங்கம், போர்டில் என்ன பெயர் போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். சோல் ரசிகர் மன்றம் என்றார். "செருப்புக்கு அடியில இருக்குமே, அந்த சோலா?" என்றேன். எனக்கு நிம்மதியாகிவிட்டது, மச்சான். தோல் வியாபாரம் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள், வாடகையை இழுத்தடிக்க மாட்டார்கள். ஆனால் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, சோல்னா ஆன்மா முதலாளி. அவரு பாடுறது ஆன்மாவோட பாட்டு." சொன்னதோடு விடவில்லை, அப்படியே போர்டும் எழுதிக் கொண்டுவந்து என் கடைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். 'ஆன்மா ரசிகர் மன்றம், மேலே செல்லவும்' என்று படியைக் காட்டி ஓர் அம்புக்குறி. பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, யாரு தவறிட்டாங்க என்று கேட்டுவிட்டு, அரை அங்குல வளைவு நான்கு வாங்கிப் போனார்.

அப்புறம் சாமான் வந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும், எத்தனை கிலோ என்று கண்ணாலேயே சொல்கிறவன் நான். இதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றிய ஒரே பதில் வாயில் வரக்கூடாத பதில். நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் படியேறினார்கள். முன்னால் பிடித்தவர் பஸ் டிரைவர், அவரும் மன்றத்தில் ஆள். "மெதுவா, மெதுவா. இடிச்சிட்டீங்கன்னா அவரு குரல் கரகரங்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக டாக்டர் ஆல்பங்களைத் தூக்கி வந்தார். எனக்குத் தெரிந்த ஆல்பம் கல்யாண ஆல்பம்தான். இது ஒவ்வொன்றும் முறம் அகலம், ஒவ்வொன்றின் அட்டையிலும் அதே ஆள். கண்ணை மூடியிருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை, வாய் பாதி திறந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது எடுத்த படமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. சில விவரம் தெரியாமலிருப்பதே லாபம்.

இனி நான் சொல்லப்போவது என் தொழிலுக்கே இழுக்கு, இருந்தாலும் சொல்கிறேன். அந்த அறையில் இருந்த தொட்டியைக் கழற்றியபோது அதன் கழிவுக் குழாயை அடைப்பு வைத்து மூடவில்லை. ஊருக்கெல்லாம் அடைப்பு விற்கிறவன், என் வீட்டுக் குழாய்க்கு ஒன்று வைக்கவில்லை. அது சுவருக்குள் நேராக இறங்கி என் கல்லாவுக்குப் பின்னால் வாய் திறந்து நிற்கிறது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை பிரித்துக்கொண்டிருக்கிறேன், பின்னந்தலைக்குப் பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள். திரும்பினால் ஆள் இல்லை. குழாய் பேசுகிறது.

"துணிய எடு."

"தட்டுல தூசி இருக்கு, துடை."

"எல்லாரும் பேச்ச நிறுத்துங்க. ஊசி இறங்குது."

யாருக்கு ஊசி? பல் டாக்டர் ஊசி போடுகிறார் என்றால் யாரோ வாயைப் பிளந்துகொண்டு மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் காய்ந்த இலைமேல் யாரோ நடந்து வருவதுபோல் சரசரவென்று ஒரு சத்தம். "வந்துட்டாரு!" என்றது ஒரு பெண் குரல். வந்தார், மச்சான். நாலு நாள் தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் முதலில் காற்று இருமும், பிறகு துரு கக்கும், பிறகு எதிர்பாராத நேரத்தில் முகத்திலேயே பீய்ச்சும் அல்லவா, அந்த மாதிரி ஒரு ஆண் குரல். அவர் பாடுகிற பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. "பேய்... பேய்... ஓ, பேய்!" ஒரு தடவை இல்லை, மூச்சுக்கு மூச்சு. தன் இனத்தைத் தானே கூப்பிடுகிறார். அவர் கூப்பிடக் கூப்பிட மேலே இருப்பவர்கள் கைதட்டி, ஆமா, ஆமா என்கிறார்கள். நான் கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். கல்லா திறந்திருக்கும்போது நான் கடையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை என்பதை வைத்து என் நிலைமையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே ஓர் அடைப்பை எடுத்து மூடித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கையில் எடுத்தேன். குழாய் வாயருகே கொண்டுபோனேன். அப்போதுதான் ஒரு யோசனை. உள்ளே வந்தவர் வந்த வழியாகத் திரும்பிப் போக வேண்டாமா? நான் பாட்டுக்கு மூடிவிட்டால் அவர் என் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டால்? வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போய்விட்டாரா, இருக்கிறாரா என்று காதைக் கொடுத்துக் காவல் காக்கிறேன்.

இரண்டு மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வா என்று உங்கள் தங்கையை மேலே அனுப்பினேன். நீயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. பயந்துதான் அனுப்பினேன். கடன் வராத இடத்துக்கெல்லாம் நான் அவளைத்தான் அனுப்புவேன், அவள் போய் நின்றால் ஒரு வார்த்தை பேசாமலே வேலை முடியும். அந்த நம்பிக்கையில் அனுப்பினேன். போனவள் வரவில்லை. கடை மூடும் நேரமாகிவிட்டது, வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் கழுவிவிட்டு வந்தவள்போல் பளபளவென்றிருந்தது.

"சொன்னியா?" என்றேன்.

"என்ன சொல்லணும்?"

"சத்தத்தக் குறைக்கச் சொல்லி."

"இல்லங்க. கூட்டச் சொன்னேன்."

"உனக்கு என்ன ஆச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி அந்தக் குழாயைப் பார்த்தாள். "பிடிச்சிருச்சுங்க," என்றாள்.

பின்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தேன். விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளைக் கக்கூஸ் பீங்கான். நல்லவேளை மூடி போட்ட ரகம். அதன்மேல் உட்கார்ந்துகொண்டே, "யாரு பிடிச்சது?" என்று கேட்டேன்.

"அவரு."

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தங்கை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் 'அவர்' என்றால் நான்தான். அவர் சாப்பிட்டாச்சு, அவர் கடையில இருக்காரு, அவருக்குக் கோபம் வரும், எல்லாம் நான். கடைப் பலகையில் என் பெயர் இருக்கிறது, பாங்குப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இந்த உலகத்தில் எனக்கென்று இருந்த பட்டம் அந்த மூன்றெழுத்துதான். போன வாரம் அவள் தன் சிநேகிதியிடம் போனில் பேசுவதைக் கேட்டேன். "அவரு என்னைப் பாத்தே பாடுற மாதிரி இருக்கு," என்றாள். நான் ஜன்மத்தில் பாடியதில்லை. "அவரு குரலைக் கேட்டா அழுகையா வருது," என்றாள். என் குரலைக் கேட்டால் வேலைக்காரர்களுக்கு அழுகை வரும், அவளுக்கு வந்ததில்லை. "அவரு மாதிரி இன்னொரு மனுஷன் பொறக்க மாட்டாரு," என்றாள். அதைக் கேட்டதும் நான் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

அறிகுறிகளைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தில் கேள்விப்பட்டிருந்தால் சொல்லுங்கள். துணி மடிக்கும்போது தோள் தானாக ஆடுகிறது. நடக்கும்போது விரலைச் சொடுக்குகிறாள், ஒவ்வொரு சொடுக்குக்கும் நான் திடுக்கிடுகிறேன். அடுப்படியில் தனியாக இருக்கும்போது திடீரென்று, "ஓ!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்திருக்கிறாள். வாயில் பாட்டு முணுமுணுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பாஷையில், அவள் படித்தறியாத பாஷையில். ஒருநாள் கடையில் அவளை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மேஸ்திரி வந்து குழாய் விலையில் பேரம் பேசியிருக்கிறார். இவள் விலையைப் பற்றிப் பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, "அண்ணே, மனசத் தொறந்து சொல்லுங்க, உங்களுக்கு உள்ள என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மேஸ்திரி தேம்பித் தேம்பி அழுதுவிட்டுச் சொன்ன விலைக்கே வாங்கிப் போய்விட்டார். லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தச் சக்தியால் வந்த லாபம் என்று யோசித்தால் அந்தப் பணத்தைக் கல்லாவில் சேர்க்காமல் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம், அவள் சிரிக்கிறாள். சும்மா இருக்கும்போது. யாரும் எதுவும் சொல்லாதபோது.

இனி தாங்காது என்று நேற்று டாக்டரிடம் போனேன், அறையைக் காலி செய்யச் சொல்ல. அவர் என்னைப் பேச விடவில்லை. உக்காருங்க முதலாளி என்றார், நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது, "வாயத் தொறங்க, ஓசியிலயே பாத்துடுறேன்," என்றார். ஓசி என்றதும் திறந்துவிட்டேன். என் பலவீனம் ஊருக்கே தெரியும். திறந்த வாய்க்குள் கண்ணாடியும் கம்பியும் பஞ்சும் போய்விட்டன. அவர் ஆரம்பித்தார்.

"முதல் ஆல்பம் கேட்டிருக்கீங்களா? மூடாதீங்க. அப்ப அவருக்குச் சின்ன வயசு. பின்னாடி பத்துப் பேரு ஊதித் தள்ளுறாங்க, இவரு அத்தனை பேருக்கும் மேல ஏறி நின்னு கூப்பிடுறாரு. அடக்கத் தெரியாத குரல். மூணாவதுல அடக்கக் கத்துக்கிட்டாரு. அதுதான் இன்னும் பயங்கரம். சத்தமே போடாம உங்க காதுகிட்ட வந்து உக்காந்துக்குவாரு. வலிக்குதா? வலிக்கும். அஞ்சாவது ஆல்பத்துல உயிரையே விட்டுட்டாரு."

"அஞ்சாவதுலயேவா?" என்று கேட்டேன். வெளியே வந்தது "ஆஆஆ" மட்டும்.

"ஆமா! மொத்த உசிரையும் அதுல விட்டாரு. அதுக்கப்புறம் ஆளே இல்ல. குரல் போச்சு, குடும்பம் போச்சு, இவரு கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் மறந்துட்டாங்க. அப்ப ஒருநாள் திடுதிப்புன்னு மேடையில வந்து நிக்கிறாரு! மைக் வேலை செய்யல. அதத் தள்ளி வெச்சுட்டு மேடை விளிம்புல காலத் தொங்கப்போட்டு உக்காந்து, வெறுந்தொண்டையில பாடுறாரு. ஜனம் மூச்சு விடல. அந்தக் கச்சேரி ரெக்கார்டு நம்மகிட்ட இருக்கு. நடுவுல ஒரு எடத்துல இருமுவாரு பாருங்க, அந்த இருமலுக்கே நம்ம டிரைவரு எந்திரிச்சு நிப்பாரு. ஒருநாள் பஸ்ஸ ஓட்டிக்கிட்டிருக்கும்போதே அது நெனப்பு வந்து எந்திரிச்சுட்டாராம். கொப்பளிங்க. அவரு போனதுக்கப்புறமும் ரெண்டு ஆல்பம் வந்துச்சு முதலாளி. போனதுக்கப்புறம்! அதுலதான் குரல் எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா?"

நான் கொப்பளிக்க மறந்து விழுங்கிவிட்டேன்.

"வர்ற சனிக்கிழமை அவரு போன நாளு," என்று டாக்டர் என் வாய்க்குள் குனிந்தார். "அன்னைக்கு ரெக்கார்டு போடப்போறதில்ல. உங்க வீட்டம்மா வாயாலயே வரட்டும்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டோம். மொதல்ல மாட்டேன்னாங்க. இப்பச் சரின்னுட்டாங்க. என்ன சொல்றது முதலாளி, அவரு அப்படியே அம்மாவுக்குள்ள எறங்கிட்டாரு. துப்புங்க."

துப்பினேன். அறையைக் காலி செய்யுங்கள் என்று சொல்ல வாய் மரத்துப்போயிருந்தது. அதே மரத்த வாயோடு வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன், சனிக்கிழமை போகப்போறியா என்று. என் வாயிலிருந்து வந்தது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, "போறேங்க," என்றாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன்." பயமாக இருக்கிறதாம். போகாமலிருக்க முடியவில்லையாம். இதற்கு என்ன பெயர், மச்சான்?

நான் சரக்கு தெரிந்தவன், ஆவி தெரிந்தவன் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். ஒருவர் உடம்பில் இன்னொருவர் குடிவந்தால் முதலில் இருந்தவர் எங்கே போவது? சனிக்கிழமை அவள் வாயைத் திறப்பாள், அந்தத் துருப்பிடித்த ஆண் குரல் வெளியே வரும், அத்தனை பேரும் கைதட்டுவார்கள், பாட்டு முடிந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டால் சரி. போகாவிட்டால்? என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது யார்? நான் கூப்பிட்டால் திரும்புவது யார்? கடையில் ஒரு குழாய் உடைந்தால் வேறு எடுத்து மாட்டுவேன். இதற்கு வேறு இல்லை. வீட்டில் இப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் புறப்பட்டு வர வேண்டும். நில அளவைச் சங்கிலியை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள அண்ணன் தம்பிகளையெல்லாம் பிரித்து நிறுத்தியவர் நீங்கள். உங்கள் ஒரு அதட்டலுக்கு அவள் அடங்குவாள். வந்து, போகாதே என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் கொஞ்ச நாள் உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குழாயும் பெட்டியும் இல்லாத இடத்தில். இன்னொன்றும் கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சின்ன வயதில் அவள் பாடுவாளா? கல்யாணம் பேசும்போது சமைப்பாள், கணக்குப் போடுவாள், அதிர்ந்து பேசமாட்டாள் என்றெல்லாம் சொன்னீர்கள். பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பொருளைக் கொடுக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டாமா?

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், யாரும் எதுவும் பிடிக்காமல் நெடுங்காலம் நன்றாக இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு என் மரியாதை. வரும்போது டார்ச்சு லைட் ஒன்று கொண்டுவரவும், படியில் வெளிச்சம் போதாது.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. இதை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் போனேன். போடவில்லை. மறந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். நீங்கள் நிஜமாகவே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அதற்குள் சனிக்கிழமையும் வந்துவிட்டது. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் வீணாக்க மனமில்லாமல் பிரித்து இதையும் எழுதி அனுப்புகிறேன்.

சாயங்காலம் கடையை இழுத்து மூடிவிட்டு, வெறுங்கையோடு போகத் தைரியமில்லாமல் குழாய் முடுக்கும் பெரிய ரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினேன். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர், பாங்கு காசாளர் அம்மா, தையற்கடைக்காரர், எல்லாம் என்னிடம் குழாய் வாங்கிய முகங்கள்தான். கறுப்புப் பெட்டிகளின் கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். உங்கள் தங்கை முன்னால் நின்றாள், கடையில் உட்காரும் அதே உடையில். என்னைப் பார்த்தாள், ரிஞ்சைப் பார்த்தாள்.

"என்னங்க, எங்கயாவது ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறந்தாள். நான் ரிஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் குரல் வரவில்லை, மச்சான். அவள் குரலே வந்தது. கிடங்கில் ஏணிமேல் நிற்கும் எனக்குக் கீழிருந்து இத்தனை அங்குலம், இத்தனை எண்ணம் என்று கூவுவாளே, அதே குரல். அதற்குள் இவ்வளவு நீளம் இருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை, அதைக் கேட்டபோது வந்ததுதான் பயம். பேயாக இருந்தால் ஓட்டிவிடலாம். இது முதலிலிருந்தே என் வீட்டில் இருந்திருக்கிறது.

பாதிப் பாட்டில் நின்றுவிட்டாள். வரி மறந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது, கை பக்கத்தில் எதையோ தேடியது. டாக்டருக்கு எல்லா ஆல்பமும் மனப்பாடம், ஆனால் அவர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருக்கிறார். டிரைவர் எழுந்து நிற்கிறார், வார்த்தை வரவில்லை. அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுத்தேன். பாஷை தெரியாது, அர்த்தம் தெரியாது, ராகம் என்று சொல்ல எதுவும் என் தொண்டையில் இல்லை. இருந்தாலும் வரி சரியாக வந்தது. நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எப்படித் தெரியும் என்று அவர்களும் கேட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். அவள் அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தாள்.

அப்புறம்தான் விவரம் சொன்னார்கள். அவர் கூப்பிடுவது பேயை இல்லையாம், பேபியாம். எந்தக் குழந்தையை இத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று கேட்டேன். பெண்டாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். கட்டின பெண்டாட்டியையா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிடிச்சிருச்சு என்றால் பிடிச்சிருக்கு என்றுதான் அர்த்தமாம், இதை நான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாமாம். கேட்கிற ஜாதியா நான்?

ஆகவே நீங்கள் புறப்பட வேண்டாம். படி இறங்கும்போதே நானும் உங்கள் தங்கையும் பேசி முடித்துக்கொண்டோம். மன்றத்துக்கு வாடகையைக் குறைக்க வேண்டும் என்றாள், முடியாது என்றேன், சரி என்றாள். மற்றதெல்லாம் அவள் சொன்னபடி. சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் கடை மூட வேண்டும். ரிஞ்சு மேலே வரக்கூடாது. அவள் முன்னால் நிற்பாள், நான் கடைசி வரிசையில் உட்காருவேன். பாட்டு நடக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. அவள் மறந்து நின்றால் மட்டும் திறக்கலாம், அதுவும் ஒரே ஒரு வரிக்கு.